கப்டன் மலை இறங்குகிறது

லபுக்கலையில் ஏறும்போதே தொடங்கிவிடும்.
மரியசூசை சாவியைத் திருகுவதற்கும் முன்னால்,
வேன் கதவின் கொண்டி விழும் சத்தத்துக்கே.

வாரம் ஓர் ஊசி, ஆறு வாரம் என்று
பேராதனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
ஆறு தரம் இறங்கி ஆறு தரம் ஏற வேண்டும்
இந்தக் குரைப்போடு.

முதல் வாரம்
எதிரே வந்த பஸ்ஸைக் குரைத்தது.
அருவியைக் குரைத்தது.
கரட் விற்கிற பெண்ணை, அவள் குடையை,
கண்ணாடியில் தெரிந்த தன்னை,
ஒன்றுமே இல்லாத பனியை.
நான் "ஷ்" என்றேன். "சும்மா இரு" என்றேன்.
பிறகு, பிள்ளைக் காம்பராவில்கூட
ஒருநாளும் எழும்பாத குரலில் கத்தினேன்.
அது நினைத்திருக்கும்:
இவளும் குரைக்கிறாள், அப்படியென்றால்
ஏதோ பெரிய ஆபத்துத்தான்.

புசல்லாவையில் தேத்தண்ணிக்கு நிறுத்தி
மரியசூசை சொன்னான்:
"வாயைக் கட்டுங்க அக்கா. இல்லாட்டி
அடுத்த கிழமைக்கு வேற வேன் பாருங்க."
கயிறுகூட வைத்திருந்தான்,
வாழைக்குலை கட்டுகிற நைலோன் கயிறு.

கயிற்றோடு குனிந்தபோதுதான் பார்த்தேன்:
கடைவாயிலிருந்து முழங்கால் வரை
நூலாகத் தொங்கிய எச்சில்.
தூக்கமே இல்லாத ஒரு கொட்டாவி.
இன்னும் ஒன்று.
மூக்கை நக்கி, விழுங்கி, விழுங்கி.

அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
ஒன்பது வயதில் கண்டி பஸ்ஸில்
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்த முகம்.
கையில் தேசிக்காய், மடியில் ஷொப்பிங் பை,
ரம்பொடை தாண்டிவிட்டதா என்று கேட்கவும்
வாய் திறக்க முடியாது.
திறந்தால் என்ன வரும் என்று தெரியும்.
குரைக்கத் தெரிந்திருந்தால்
நானும் குரைத்திருப்பேன்.

கயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு பின்னேரங்களில்,
காம்பராவின் கடைசிப் பிள்ளையையும்
தாய் வந்து தூக்கிப் போன பிறகு,
நானும் கப்டனும் நின்ற வேனில் உட்கார்ந்தோம்.
எங்கேயும் போகவில்லை.
உட்கார்ந்ததற்கு மரியசூசை காசு கேட்கவில்லை.
சிரித்ததற்கு நானும் கேட்கவில்லை.
ஒரு துண்டு கருவாடு. கொண்டிச் சத்தம்.
இன்னொரு துண்டு கருவாடு.
மறுநாள் எஞ்சின் மட்டும்.
அதற்கு மறுநாள் கோயில் வரை போய்த் திரும்பினோம்;
நாய்க்கு ஏதோ நேர்த்தி என்று
லயத்துச் சனம் நினைத்துக்கொண்டது.

ஊசி நாளில் காலைச் சோறு இல்லை.
ஜன்னலுக்குத் தங்கச்சியின் பழைய கொழுந்துப் படங்கு.
கீழே, என் கால்களுக்கு இடையில், மடித்த சாக்கு.
பார்க்காத முடக்கு பாதி முடக்கு.
மரியசூசைக்கும் ஒரு பாடம்:
பிரேக்கை மிதிக்காதே, கெஞ்சு.
"நாய்க்காக நான் திரும்ப
லைசன் எடுக்கணும் போல."

இரண்டாம் வாரம் ரம்பொடை வரை சத்தமில்லை,
பிறகு மிச்சம் வைத்ததையெல்லாம் சேர்த்துக் குரைத்தது.
மூன்றாம் வாரம் இன்னும் மோசம். ஏனென்று தெரியவில்லை.
நான்காம் வாரம் வாந்தி எடுத்தது.
எடுத்துவிட்டு என்னைப் பார்த்தது,
நான் திட்டாமல் இருந்ததையும் பார்த்தது.

இன்று ஐந்தாவது.
தாடை என் செருப்பின் மேல்.
படங்குக்கு அப்பால் அருவி கடந்து போனது,
காது மட்டும் ஒருமுறை எழும்பிப் படுத்தது.
அடுத்த முடக்கு. அதற்கடுத்தது.
அதன் நெற்றியில் விரல் வைத்து
நான் குனிந்தே இருந்தேன்,
ரோட்டைப் பார்க்காமல், வெளியைப் பார்க்காமல்,
குனிந்தே, குனிந்தே...

"மரியசூசை, நிப்பாட்டு!"

மதகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தூரத்தில் கொத்மலைத் தண்ணீர்
ஆடாமல் கிடந்தது. நான்தான் ஆடினேன்.
எடுத்து முடித்துத் திரும்பியபோது
கப்டன் கதவுக்கு வெளியே தலையை நீட்டி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
குரைக்கவில்லை.

மரியசூசை டாஷ்போர்டைத் துழாவி,
அந்த நைலோன் கயிற்றுக்கு அடியிலிருந்து
ஒரு தேசிக்காயை எடுத்து நீட்டினான்.
யாருக்கென்று வாங்கி வைத்திருந்தான் என்று கேட்க
எனக்கு வாய் திறக்க முடியவில்லை.